கிடத்திய கதவு

திரியெஸ்தே துறைமுகத்தைப் பார்த்தபடி ஐந்து மாடி.
நான்காவதில் கப்பல் காப்பீடு.
இரண்டு வாரம் அங்கே என் வேலை
மணிக்கொரு தடவை நடந்து
நாற்காலிகளை எண்ணுவது.

கையில் கணினிப் பலகை. அதில் மூன்று கட்டம்:
ஆள் இருக்கிறார்.
ஆள் இல்லை.
ஆள் இல்லை, ஆனால் கோட்டு இருக்கிறது.

மூன்றாவதில்தான் அதிகம் குறித்தேன்.
எந்த நாற்காலிக்குள்ளும்
ஒரு காலி
முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நெரீனா,
மூழ்கிய சரக்குகள்.
அந்தப் பக்கம் ரதோஸ்லாவ்,
சேதமான சரக்குகள்.
மூழ்கியதா சேதமா என்று முடிவாகாத
நனைந்த காப்பிக்கொட்டை மூட்டைகளுக்காகப்
பதினோரு வருடமாய்
ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்,
முறைப்படி, நகல் இணைத்து.

மூலையில் மேலாளர் ஒத்தாவியோவின் அறை.
ஓக் மரக் கதவு, பித்தளைப் பிடி.
வெளியே ஒரு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு.
கட்டடத்திலேயே அது ஒன்றுதான்
காலியாகவே இராதது.
அறிக்கையில் அதை அடிக்கோடிட்டேன்.

அறிக்கை போனது, வரைபடம் வந்தது.
வரைபடத்தில் சுவரே இல்லை.
முகமில்லாத சின்ன மனிதர்கள்
கோப்பையும் கையுமாய் நின்றார்கள்.
ஒருத்தர்கூட உட்காரவில்லை.

சனிக்கிழமை தடுப்புகளைப் பிரித்தார்கள்.
பின்னாலிருந்து கிடைத்தவை:
நாற்பது குண்டூசி,
ஒரு விடுமுறை விண்ணப்பம், அனுமதிக்கப்படாதது,
ஒரு குழந்தையின் பால்பல்.
இழப்பீடு கேட்டே பழகிய அந்த மாடியில்
யாரும் உரிமை கோராத ஒரே பொருள்.

கதவை எறியத் தச்சருக்கு மனம் வரவில்லை.
நான்கு இரும்புக் கால் வைத்துக் கிடத்தினார்.
நெருக்கினால் எட்டுப் பேர் உட்காரலாம்.
சாவித் துவாரத்தை அடைக்க மறந்தாரோ,
மறுத்தாரோ.

திங்கட்கிழமை.
எந்த இடமும் யாருடையதும் இல்லை.
துறையில் இடம் கிடைக்காத கப்பல்கள்போல
மடிக்கணினிகளோடு சுற்றி வந்தார்கள்.
ரதோஸ்லாவ் மட்டும் ஏழு பத்துக்கே வந்து
ஜன்னலோரம் கோட்டைப் போட்டுவிட்டுக்
காப்பி குடிக்கப் போயிருந்தான்.

அந்த வாரமே
ஒலிபுகாக் கண்ணாடிக் கூண்டில் நின்று
தொலைபேசியில் யாரிடமோ நெரீனா அழுதாள்.
சத்தம் வரவில்லை.
பதினாறு பேர் பார்த்தோம்,
பதினாறு பேரும் உடனே திரைக்குத் திரும்பினோம்.
பழைய தடுப்புக்குப் பின்னால் அழுதிருந்தால்
கேட்டிருக்கும், தெரிந்திருக்காது.
எது மேல்?
என் கட்டங்களில் அந்தக் கேள்வி இல்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணப் போனேன்.
போரா காற்று
தெருவில் ஆட்களை ஒரு பக்கமாய்ச் சாய்த்த நாள்.
கதவுமேசையில் அதே காப்பி மூட்டைகள்,
இப்போது நேருக்கு நேர், குரல் உயர்ந்து.
நடுவில் சொல் தேடிய ரதோஸ்லாவ்
விரல் மூட்டால் பலகையைத் தட்டினான்,
இரண்டு தட்டு.
எதிரே ஏதோ படித்துக்கொண்டிருந்த ஒத்தாவியோ
தலை நிமிராமல்
“உள்ளே வரலாம்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு நெரீனாவின் பென்சில்
சாவித் துவாரத்தில் நழுவிக் கீழே விழுந்தது.
எடுக்கக் குனிந்தவள்
வெகுநேரம் எழவில்லை.
மேசைக்கடியிலிருந்து வந்தது முதல் சிரிப்பு.

மாலைக்குள் சேதம் என்று முடிவானது.
மறுநாள் காலை அதை மறுத்து
மூன்றடி தூரத்திலிருந்து
அவள் கடிதம் அனுப்பினாள்,
நகல் இணைத்து.

ஆள் இருக்கிறார்: அறுபத்திரண்டு சதவீதம்.
காத்திருப்போர் நாற்காலி
மாடிப்படி ஓரம் ஒதுங்கிக் கிடந்தது.
அதில் உட்கார்ந்துதான் கூட்டிப் பார்த்தேன்.
தெருவுக்கு இறங்கிக்
காற்று நெஞ்சில் அறைந்தபோதுதான் உறைத்தது,
என் கோட்டு மேலே
அந்த நாற்காலியில்.